புதுசா வந்த ரெண்டு பேருக்கு எவ்வளவு?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவின் இடது முழங்காலும் என் பொறுமையும் தவிர மற்றதெல்லாம் ஓரளவு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் உடனே சொல்லிவிடு, கவலைப்பட வேண்டிய நேரத்தில் கவலைப்படாமல் இருந்துவிட்டேன் என்ற குறை எனக்கு வேண்டாம். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் உன் அப்பா பின்னாலிருந்து "அப்படி இல்ல, அப்படி இல்ல" என்று திருத்தம் போட்டுக்கொண்டே இருப்பார், கடைசியில் அவர் கதைதான் உனக்கு வந்து சேரும். இது என் கதை, அதனால் எழுதுகிறேன். மாடிவீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கையோடு புல்லாங்குழல் பழக ஆரம்பித்திருக்கிறார், இப்போதுகூட மேலேயிருந்து குக்கர் விசில் மாதிரி ஒன்று வந்துகொண்டிருக்கிறது, நடுவில் எங்காவது நான் எழுதுவது தடுமாறினால் அவரைத் திட்டிக்கொள்.

நம் கம்பெனிக்குப் பழச்சாறு ஆலை ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, பாட்டில் நிரப்பும் மெஷின், ஒன்றிரண்டு அல்ல, ஒரு வரிசை முழுக்க. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர், நம் நெட்டை. நீ இங்கே இருந்தபோது சேர்ந்தவன்தான், உள்ளே வரும்போதெல்லாம் நிலையில் தலையை இடித்துக்கொள்வானே, அவனேதான். மெஷினை அவன் வரைவான், அதை ஓட்டும் கன்ட்ரோல் பேனலை நான் வரைவேன், உன் அப்பா எல்லாவற்றையும் சுற்றிச்சுற்றி வந்து குறை சொல்வார், இப்படித்தான் இத்தனை நாள் வண்டி ஓடியது. இந்த ஆர்டருக்கு அது போதாது, கல்லூரி முடித்த கையோடு வரும் புது இன்ஜினியர்கள் இரண்டு பேரை எடுத்துப் பழக்கலாம் என்று முடிவாயிற்று. எடுப்பது சரி, எவ்வளவு கொடுப்பது? அங்கேதான் ஆரம்பித்தது கூத்து.

உன் அப்பா சாப்பாட்டு மேசையில் ஒரு கூட்டம் போட்டார். உன் சித்தப்பாவையும் கூப்பிட்டார், அவர்தான் நம் கம்பெனியின் ஆலோசகர் ஆயிற்றே. மாதத்துக்கு ஒருமுறை வந்து காபி குடித்துவிட்டு உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதற்கு மாதம் இருபத்தைந்தாயிரம் வாங்குகிறவர். உன் அப்பா வாய் திறந்ததுமே பதினெட்டாயிரம் என்றார். எப்படி வந்தது அந்தக் கணக்கு என்றேன். தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாங்கியதை எடுத்து, அதோடு விலைவாசியைச் சேர்த்து, அதிலிருந்து "அனுபவம் கிடைக்குதுல்ல, அதுக்கு" என்று ஒரு பங்கைக் கழித்தாராம். வாங்குகிற அனுபவத்துக்கு வேலைக்காரன் கம்பெனிக்குக் கட்டணம் கட்டுகிற ஏற்பாடு இது என்று அவருக்கே தோன்றவில்லை. சித்தப்பா போனை எடுத்து இன்டர்நெட்டில் சராசரிச் சம்பளம் பார்த்தார், நாற்பத்தைந்து என்று வந்தது, உடனே முகம் சுருங்கி, "அது பெரிய கம்பெனிக்கு அண்ணி, நம்மளது சின்ன கம்பெனி, மூணால வகுக்கணும்" என்றார். ஏன் மூன்றால், ஏன் இரண்டரையால் இல்லை என்று கேட்டதற்கு, இதெல்லாம் ஒரு உள்ளுணர்வு என்று சொல்லிவிட்டுப் பிஸ்கட்டை எடுத்தார். மூன்றால் வகுத்தால் வருவது பதினைந்து. அதாவது தம்பியாரின் உள்ளுணர்வு அண்ணனையும் தாராளப் பிரபு ஆக்கிவிட்டது.

நான் வேறு மாதிரி பார்த்தேன். நம் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற தெருவில் ஒரு தனியறைக்கு என்ன வாடகை என்று விசாரித்தேன், பஸ், சாப்பாடு, போன், துணி துவைக்கிற செலவு என்று கூட்டிப் பார்த்தேன், பதினெட்டாயிரத்தில் ஒரு ஆள் இருபது தேதிவரைக்கும் உயிரோடு இருக்கலாம், அதற்குமேல் அவன் சாமர்த்தியம். மற்ற பட்டறைகளில் என்ன தருகிறார்கள் என்று நம் பாகங்கள் கடைக்காரரிடம் கேட்டேன், இருபத்தெட்டு முப்பது என்றார். உன் அப்பாவிடம் சொன்னேன், "பசியோட உக்காந்து அவன் போடற கணக்குல பாட்டில் நிறையாதுங்க, உங்க சட்டைதான் நனையும்" என்று. "நான் பசியோடதான் வேலை கத்துக்கிட்டேன்" என்றார். பொய். அவர் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் அவருக்குச் சமைத்துப் போட்ட உன் பெரிய அத்தை இன்னும் நல்ல ஞாபகத்தோடு இருக்கிறார், வேண்டுமானால் கேட்டுப்பார், மூன்றாவது முறை பரிமாறும்வரை எழுந்திருக்கமாட்டாராம்.

சரி, பதினெட்டோடே நேர்முகத் தேர்வு என்று அடம்பிடித்தார், பட்டால் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். முதலில் வந்தவன் தொகையைக் கேட்டுவிட்டு "இது வாராவாரமா சார்?" என்றான், அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான், அதுதான் உன் அப்பாவுக்குத் தாங்கவில்லை. அடுத்தவன் வரவே இல்லை, அவனுடைய அப்பா போன் செய்து என் பையனுக்கு ஏ.சி. அறை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். இன்னொருவன் நன்றாகப் பேசினான், எல்லாம் முடிந்ததும் எழுந்து நின்று உன் அப்பாவின் கையைக் குலுக்கி, "உங்க முயற்சிக்கு வாழ்த்துக்கள் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான், நன்கொடை கேட்டு வந்தவர்களை வழியனுப்புகிற மாதிரி. உன் அப்பா இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஆரம்பித்தார், அந்தப் பேச்சு எனக்கு வரிவரியாகத் தெரியும் என்பதால் டீ போட எழுந்துபோய்விட்டேன்.

கடைசியில் உருப்படியாகக் கிடைத்தது இரண்டு பேர். ஒரு பையன், ஒரு பெண். பையனுக்குப் பட்டறையில் இப்போது 'சரிங்க' என்று பெயர், எது சொன்னாலும் அதைத்தான் சொல்வான். பெண்ணுக்கு 'ஏன்' என்று பெயர், அதற்கும் விளக்கம் வேண்டியதில்லை. பையனிடம் பதினெட்டு என்றார் உன் அப்பா, "சரிங்க சார்" என்றான். சனிக்கிழமையும் வரணும், சரிங்க சார். சில நாள் நேரமாகும், சரிங்க சார். உன் அப்பா முகத்தில் ஒரு வெற்றிக்களை, என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை வேறு உயர்த்தினார். அடுத்து அந்தப் பெண் வந்தாள். மெஷின் வரைபடத்தைக் கொடுத்தால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, சென்சார் ஏன் இங்கே இருக்கிறது, மூடி போடுவதற்கு முன்னால் வைத்தால் உடைந்த பாட்டில் தெரியுமே என்று கேட்டாள். நல்ல கேள்வி, நானே பதில் சொன்னேன். உன் அப்பா பதினெட்டு என்றதும் அவள் அதே குரலில், அதே மரியாதையோடு, "எப்படி சார் இந்தத் தொகைக்கு வந்தீங்க?" என்றாள். உன் அப்பா, முடிவு பண்ணினோம் என்றார். "அதான் சார், எப்படி முடிவு பண்ணீங்க?" என்றாள். நாற்பது பேருக்கு முன்னால் மேடையில் பேசுகிற மனுஷன், பேப்பர் வெயிட்டை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். கதவுவரை போனவளை நான்தான் உட்காரவைத்து, முப்பது, அது எப்படி வந்தது என்றும் சொல்கிறேன் என்று வாடகையிலிருந்து ஆரம்பித்துக் கணக்கைச் சொன்னேன். கேட்டாள், கொஞ்சம் யோசித்தாள், பஸ்ஸுக்கு நான் போட்டது குறைவு என்றாள், அப்புறம் சம்மதித்தாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பா ஒரு திட்டம் சொன்னார் பார், எனக்கு வந்த கோபத்தில் சாதம் குழைந்துவிட்டது. பெண்ணுக்கு முப்பது, சரி, ஒத்துக்கொண்டாயிற்று. பையன்தான் பதினெட்டுக்கே சம்மதம் என்று சொல்லிவிட்டானே, அவனுக்குப் பதினெட்டே இருக்கட்டுமாம். ஒரே வேலை, ஒரே படிப்பு, பக்கத்துப் பக்கத்து மேசை, ஒருத்திக்கு முப்பது, ஒருத்தனுக்குப் பதினெட்டு. "அவன்தான் ஒத்துக்கிட்டானே!" என்கிறார். "மெஷினைத் தலைகீழா மாட்டுன்னு சொன்னாகூட அவன் ஒத்துக்குவான், அதுக்காக மாட்டிருவீங்களா?" என்று கேட்டேன். கேள்வி கேட்கத் தெரியாததற்கு மாதம் பன்னிரண்டாயிரம் அபராதமா என்றேன். அவர் முழங்காலைத் தடவ ஆரம்பித்துவிட்டார், வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அவருக்கு முழங்கால்தான் வலிக்கும். மறுநாள் இருவருக்கும் முப்பது என்று கடிதம் போனது. பையனைக் கூப்பிட்டுச் சம்பளம் முப்பது என்றேன். "சரிங்க மேடம்" என்றான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்த் தனியாகக் குதித்தானாம், கம்ப்ரஸர் ஓட்டுகிறவர் பார்த்திருக்கிறார்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். நெட்டையை நினைக்கவே இல்லை பார். நான்கு வருஷமாக இருக்கிறான், வருஷத்துக்கு ஒருமுறை உன் அப்பா மனம் இளகி ஆயிரம் ஆயிரமாக ஏற்றியதில் அவன் வந்து நின்றிருந்தது இருபத்தேழு. டீ குடிக்கிற இடத்தில் எதைத்தான் மறைக்க முடியும், புதுசு இரண்டும் முப்பது வாங்குவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு வாரம் அவர்களுக்கு வால்வு, பாட்டில் நிரப்பும் முனை, பெல்ட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தான். அப்புறம் ஒரு காலை மேசையைத் துடைத்துவைத்துவிட்டு, ராஜினாமாவோடு உன் அப்பா அறைக்கு வந்தான். உன் அப்பா பதறிப்போய்த் துரோகம், அது இது என்று ஆரம்பித்தார். நெட்டை குரலை உயர்த்தவே இல்லை. "சொல்லித் தர்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். அந்தப் புள்ளைங்க நல்ல புள்ளைங்க. ஆனா நேத்து டீக்கு நான் காசு கொடுக்கப் போனா, வேணாண்ணே, நாங்க கொடுக்கறோம், உங்களுக்கு வீட்டுல குழந்தை இருக்குன்னு சொல்லுதுங்க சார்" என்றான். சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். உன் அப்பா எழுந்து அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, கணக்கு என்று வந்தால் மட்டும் கொஞ்சம் அப்படி.

வேறொரு பட்டறையில் கூப்பிட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிவரை இருப்பேன் என்றான். அவன் போனால் ஆர்டரும் போகும், ஆர்டர் போனால் நாமும் கதவைச் சாத்திக்கொண்டு மாடிவீட்டுக்காரரோடு புல்லாங்குழல் வாசிக்க வேண்டியதுதான். நான் அவனிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பட்டறைக்கு நடுவில் இருக்கிற வெள்ளைப் பலகையைத் துடைத்து எல்லோரையும் கூப்பிட்டேன். ரகசியமாகப் பேசிப்பேசித்தானே இந்த லட்சணம், இனிமேல் வெளிச்சத்திலேயே பேசுவோம் என்றேன். உன் அப்பாவுக்குச் சம்பளத்தை எல்லோர் முன்னாலும் பேசுவது என்றால் குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக் குளிக்கிற மாதிரி. ஆனாலும் நெட்டையை இழக்கிற பயத்தில் ஒத்துக்கொண்டார். யார் மார்க்கரைப் பிடிப்பது என்று பார்த்தால் 'ஏன்' ஏற்கெனவே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்ஜினியர் என்றால் ஆரம்பம் முப்பது, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டாயிரம், யாராக இருந்தாலும் இதுதான் விதி, பலகையிலேயே இருக்கட்டும் என்றாள். நெட்டைக்கு முப்பத்தெட்டு வந்தது. நெட்டை பலகையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மறுபடியும் பலகையைப் பார்த்தான்.

பணம் எங்கிருந்து வரும் என்று உன் அப்பா கேட்டார், நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது, உன் சித்தப்பா, அன்றைக்கு மாதாந்திரக் காபிக்கு வந்திருந்தார். அந்த ஆலோசனைக் கட்டணத்தை நிறுத்தலாமே என்றேன். "அண்ணி, நான் கம்பெனிக்கு மூளையைக் கொடுக்கறேன்" என்றார். "கொடுத்தது எங்க கைக்கு வந்து சேரலையே தம்பி, வழியில யாராவது வாங்கிக்கிட்டாங்களோ என்னவோ" என்றேன். கம்ப்ரஸர் ஓட்டுகிறவர் இருமுகிற மாதிரி சிரித்தார். உன் சித்தப்பா எழுந்து போய்விட்டார், காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது அவர் சரித்திரத்திலேயே முதல் தடவை. நீ பதறாதே, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார், என்னிடம் பேசவில்லை, ஆனால் கூட்டு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று உன் அப்பா மூலமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் அவருக்குப் பிடித்ததாகத்தான் சமைத்திருந்தேன், கட்டணத்தை நிறுத்தினேனே தவிர மச்சினனை நிறுத்தவில்லை.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் பலகையில் இன்ஜினியர்கள் பெயரை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவள் திரும்பி, "மேடம், உங்களுக்கு எத்தனை வருஷம்?" என்றாள். எனக்கா என்றேன். "நீங்களும் இன்ஜினியர்தானே மேடம், பேனல் எல்லாம் நீங்கதானே போடறீங்க?" என்றாள். நீ வயிற்றில் இருக்கும்போது வரைபலகையை வயிற்றின்மேல் சாய்த்துவைத்துத்தான் நம் முதல் மெஷினின் பேனலை வரைந்தேன், நீ உதைத்ததில் ஒரு கோடு கோணலாகப் போய் அதைச் சரிசெய்ய அரை நாள் ஆயிற்று. அதனால் என் மகள் வயசுக்கு மேலே கொஞ்சம் என்றேன். அவள் எழுதினாள். "இப்ப எவ்வளவு மேடம் வாங்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் சரியாகக் காதில் விழவில்லை போல "எவ்வளவு?" என்று திரும்பக் கேட்டாள். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "அவங்க முதலாளியம்மா, அவங்களுக்கு எதுக்கும்மா சம்பளம்?" என்றார். "நீங்க முதலாளிதானே சார், நீங்க எடுக்கறீங்களே" என்றாள். குதர்க்கம் இல்லை, அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து 'சரிங்க' வாயைத் திறந்தான், என்ன சொன்னான் தெரியுமா, "அது சரியில்லைங்க சார்" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் உன் அப்பாவே திரும்பிப் பார்த்தார்.

நான் அங்கே சிரித்து மழுப்பிவிட்டேன். சாயங்காலம் காரில் வரும்போதுதான் சிரிப்பு வரவில்லை. உன் அப்பா மோசம் செய்தார் என்று நான் சொல்லவில்லை, நீயும் அப்படி எடுத்துக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போகாதே. கேட்டபோதெல்லாம் கொடுத்திருக்கிறார், எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் நான் கேட்க வேண்டியிருந்தது, அதுதான் விஷயமே. உனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கினாலும் என் தங்கைக்கு ஒரு புடவை வாங்கினாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். வேலை முடித்து வீட்டுக்குப் போகும் நெட்டைக்கு அது வேண்டியதில்லை. நேற்று வந்த பையனுக்கும் வேண்டியதில்லை. பலகையில் என் பெயருக்கு நேரே மட்டும் ஒரு கட்டம் வெறுமையாக இருந்ததைப் பார்க்கும்வரை எனக்கே இது ஒரு விஷயமாகத் தெரிந்ததில்லை. அது வருத்தமா கோபமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஒரு வேளை வெறும் ஆச்சரியமாகக்கூட இருக்கலாம், இத்தனை பேருக்குக் கணக்குப் போட்டவளுக்குத் தன் கணக்கு மறந்ததே என்று.

மறுநாள் உன் அப்பாவின் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன், வழக்கமாகத் தட்டமாட்டேன். நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன், அதன் ஒரு கால் ஆடுகிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது, பாவம் அந்தப் பிள்ளைகள். வேலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டார். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார். "எதிர்ல உக்காந்திருக்கு" என்றேன். எதிர்பார்க்கும் சம்பளம் என்றார். பலகையிலிருக்கிற விதிப்படி கூட்டிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஏனென்றால் அது அவர் எடுப்பதைவிட அதிகம். கம்பெனி தாங்காது என்றார். "இத்தனை வருஷம் கொடுக்காம மிச்சம் பிடிச்சதுலதானேங்க கம்பெனியே தாங்கிச்சு" என்றேன். அப்புறம் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது, இந்தப் பையில் வந்தால் என்ன அந்தப் பையில் வந்தால் என்ன என்று கேட்டார். "அதையேதான் நானும் சொல்றேன், என் பையில வந்தா என்ன?" என்றேன். முழங்காலுக்குக் கை போயிற்று. நான் விடவில்லை.

கம்பெனி தாங்காது என்பது முழுப்பொய்யும் இல்லை, அது எனக்கும் தெரியும். அதனால் விதிப்படியான தொகையை விட்டுக்கொடுத்தேன், ஆனால் ஒன்றை விடவில்லை. அவர் எவ்வளவு எடுக்கிறாரோ அவ்வளவு எனக்கும், ஒரு காசு கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். அவர் எழுபது எடுத்துக்கொண்டிருந்தார், இப்போது ஆளுக்கு ஐம்பது. மிச்சத்துக்கு மெஷின் விலையைக் கொஞ்சம் ஏற்றினோம், ஆலைக்காரர் முணுமுணுக்கக்கூட இல்லை, இத்தனை வருஷம் நாம்தான் பயந்து குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். நெட்டை ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கொண்டான், கிழிக்கவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், புத்திசாலி. என் பணி நியமனக் கடிதத்தை உன் அப்பாவே டைப் அடித்துக் கொண்டுவந்தார். தோல்வியைத் தாங்காத மனுஷன், அதில் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்று ஒரு வரியைக் குறும்புக்குச் சேர்த்திருந்தார். நான் அந்த வரியை அடித்துவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டேன். இந்த வயசில் எனக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது, உன் அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்.

முதல் சம்பளம் என் பெயரிலுள்ள கணக்குக்கு வந்த அன்று போன் டிங் என்றது. நான் பேனலுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன், கையெல்லாம் தூசி. எடுத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். 'ஏன்' வந்து ஏன் மேடம் என்றாள், ஒன்றுமில்லை, ஒயர் கலர் பார்க்கிறேன் என்றேன். பெரிதாக ஒன்றும் வாங்கிவிடவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு நல்ல கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், உருகுவதற்குள் சாப்பிட்டு முடித்தேன், யாருக்கும் ஒரு வாய் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மீதியில் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், நடுவில் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நீ புது ஆபீஸில் சேர்ந்து இத்தனை மாதமாகியும் உன் பக்கத்து மேசைக்காரர் என்ன வாங்குகிறார் என்று தெரியாது, கேட்பது நாகரிகமில்லை என்று சொன்னாய். நாகரிகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேள். டீ வாங்கிக் கொடுத்துக் கேள். அப்புறம் உன் மேலதிகாரியிடம் போய், எப்படி முடிவு பண்ணீங்க என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திரு. பேசாமல் உட்கார்வதுதான் கஷ்டம், நமக்கு வாய் சும்மா இருக்காது, பரவாயில்லை என்று நீயே சொல்லிவிடாதே. மாப்பிள்ளைக்கும் இதைச் சொல், அவர் வேறு 'சரிங்க' ஜாதி.

இனி மீதிப் பணம். சம்பளம் வாங்குகிறவளுக்கு லீவும் உண்டு அல்லவா, இது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. முறையாக விண்ணப்பம் எழுதி உன் அப்பா மேசையில் வைத்தேன். மூன்று வாரம், காரணம் மகளைப் பார்க்க. அவர் படித்துவிட்டு நிமிர்ந்து, பேனல் யார் போடுவது என்றார். 'ஏன்' போடுவாள், இரண்டு மெஷினுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுவிட்டாள், என்னைவிட ஒயரை அழகாகக் கட்டுகிறாள் என்றேன். டிக்கெட்டுக்குப் பணம் என்றார், பழக்க தோஷம். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றேன். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, எத்தனை டிக்கெட் என்று மெல்லக் கேட்டார். ஒன்று என்றேன். என் பணத்தில் என் மகளைப் பார்க்க நானாகப் போவது, அதில் ஒன்றுதானே வரும். அன்று சாப்பிடும்போது அவர் இரண்டாவது முறைகூடப் பரிமாறச் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் பட்டறைக்குப் போனால் என் மேசையில் ஒரு காகிதம், டைப் அடிக்கவில்லை, கையால் எழுதியது. மூன்று வாரம் லீவு வேண்டும், காரணம் மகளைப் பார்க்க, டிக்கெட் செலவு சொந்தப் பொறுப்பு என்று எழுதிக் கீழே உன் அப்பா கையெழுத்து. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், நெட்டை பட்டறையைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டான், என்று ஒரு வரி.

அது இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. தினமும் இரண்டு முறை அந்தப் பக்கமாக வந்து பேனா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறார். கையெழுத்துப் போட்டுவிடுவேன், கவலைப்படாதே, அவர் இல்லாமல் அத்தனை தூரம் யாரைக் குறை சொல்லிக்கொண்டு போவது. வெள்ளிக்கிழமை போடலாம் என்றிருக்கிறேன். அதுவரை கொஞ்சம் காத்திருக்கட்டும், கேட்டுவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவரும் ஒரு வாரம் பார்க்கட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், கைநிறையச் சம்பாதித்து, வாய்நிறையச் சிரித்துக்கொண்டு இருங்கள், அது போதும் எனக்கு. விருந்தினர் அறையில் நீ அடுக்கிவைத்திருக்கும் அட்டைப்பெட்டிகளை நாங்கள் வருவதற்குள் அப்புறப்படுத்திவிடு, உன் அப்பா முழங்காலை இடித்துக்கொண்டால் மூன்று வாரமும் அதே பேச்சாகத்தான் இருக்கும்.

அன்பும் ஆசியும் முத்தமும்,
வெள்ளிக்கிழமைவரை பேனாவைத் தொலைத்துவிட்டிருக்கும்
உன் அம்மா